எறும்பு இரண்டாம் பருவத்தில்

குழந்தைகள் தாமாகவே கேள்வி கேட்டு, தாமாகவே தேடி, தாமாகவே கற்றுக்கொள்ள வேண்டும் என்று எங்கள் கல்வி அலுவலகம் ஒருமனதாக முடிவு செய்தது. அவர்கள் தாமாகவே கேட்கப்போகும் கேள்விகளைப் பள்ளி திறப்பதற்கு முன்பே எழுதி, ஒப்புதலுக்கு அனுப்பும்படி ஆசிரியர்களுக்கு உத்தரவு வந்தது.

வெளியாட்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். அலுவலகத்தின் பக்கம் நின்று பார்த்தால்தான் நியாயம் புரியும். முன்னறிவிப்பு இல்லாமல் வருவதற்குக் குழந்தையின் சந்தேகம் என்ன காய்ச்சலா? ஆண்டுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. முதல் பருவத்துக்கு மேகம், இரண்டாம் பருவத்துக்கு எறும்பு, மூன்றாம் பருவத்துக்கு நம் குடும்பம் என்று அறிஞர் குழு ஒன்று கூடி, டீ குடித்து, விவாதித்து, மறுபடியும் டீ குடித்து முடிவு செய்திருந்தது. பிள்ளைகள் முதல் பருவம் முழுக்க மேகத்தைப் பற்றி வியக்க வேண்டும். பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலையில் மேகத்தைப் பற்றிய வியப்பை முடித்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் எறும்பைப் பற்றி வியக்கத் தொடங்க வேண்டும். நடுவில் வரும் சனியும் ஞாயிறும் விடுமுறை. அன்று எதைப் பற்றியும் வியக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் எங்கள் தலையில் கட்டியவர் கருப்பொருள் அலுவலர். வெளிநாட்டுக்கு ஒரு வாரப் பயிற்சிக்குப் போனார். போகும்போது நம்மைப் போல ஒரு சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பி வந்தவர் வெயிலிலும் கழுத்தில் மப்ளர் போட்டிருந்தார், பை நிறையக் கலர் கலராக ஒட்டும் சீட்டுகள் வைத்திருந்தார், நாற்காலியில் உட்கார மறுத்தார். எதைச் சொன்னாலும் "வியப்பா இருக்குல்ல?" என்று முடிப்பார். அதனால் ஆசிரியர் ஓய்வறையில் அவருக்கு 'வியப்பு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பயிற்சி நாளில் எங்கள் எல்லோரையும் தரையில் வட்டமாக உட்கார வைத்தார். உட்காரும்போது எழுந்த முழங்கால் சத்தம் அடங்கவே சற்று நேரம் ஆனது. அது அடங்கியதும் நான் கேட்டேன்.

"சார், நாம எழுதிக் குடுத்த கேள்வியை விட்டுட்டு புள்ள வேற கேள்வி கேட்டா என்ன பண்றது?"

"கேக்காது."

"ஒருவேளை கேட்டா?"

"நீங்க ஒழுங்கா வியக்க வெச்சா அது ஏன் சார் வேற கேக்கப் போகுது? தப்பு புள்ளைகிட்ட இல்ல. வியப்பா இருக்குல்ல?"

இருந்தது.

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியர். என் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு மரத் தடுப்புதான். அது கூரை வரைக்கும் எட்டாது. அங்கே தும்மினால் இங்கே நான் பாடத்தை நிறுத்த வேண்டியிருக்கும். அதனால் நான் சொல்லப்போவது எதுவும் கேள்விப்பட்டதல்ல, காதால் கேட்டது.

இரண்டாம் வகுப்பு மிஸ் வேலைக்கு வந்து இன்னும் நிரந்தரமாகவில்லை. முதல் பருவக் கடைசியில் இயக்குநர் அம்மா பார்வையிட வருவார், அவர் தலையாட்டினால் நிரந்தரம். இல்லாவிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றல். அந்தப் பள்ளிக்குப் போகும் பஸ் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும், திரும்ப வருவது ஊர் அடங்கிய பிறகு. மிஸ்ஸின் கணவருக்குக் கப்பலில் வேலை. வீட்டில் அவளும் அவள் மகளும் மட்டும். மாற்றல் வந்தால் மகள் விழித்திருக்கும் நேரத்தில் அம்மா வீட்டில் இருக்கமாட்டாள்.

அந்த மகள் அவளுடைய வகுப்பிலேயே படித்தாள். பேர் என்னவோ வருகைப் பதிவேட்டில் நீளமாக இருக்கும். பள்ளிக்கூடம் முழுக்கக் கூப்பிடுவது குண்டூசி என்று. ஆளும் அந்த அளவுதான், கேள்வியும் அந்த மாதிரிதான், எங்கே உட்கார்ந்தாலும் குத்தும். பள்ளி வாசலைத் தாண்டினால் அம்மாவை 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். குண்டூசி அதை ஒருநாளும் மீறியதில்லை. ஒருமுறை பல் ஆடி வலித்தபோதுகூட "மிஸ், எனக்கு அம்மாகிட்ட போகணும்" என்றுதான் அழுதாள்.

மிஸ் கண்விழித்து மேகக் கேள்விகளை எழுதி அனுப்பினாள். பிள்ளைகள் பேசுவதைப் போலவே எழுதியிருந்தாள். "மேகம் ஏன் கீழ விழ மாட்டேங்குது?" "மேகத்துமேல உக்கார முடியுமா?" கடுதாசி ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'குழந்தைகளின் வினாக்கள் குழந்தைத்தனமாக உள்ளன. உரிய நடையில் திருத்தி அனுப்புக.'

அவள் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். எனக்கு இந்த அலுவலக நடை நன்றாக வரும். இத்தனை வருஷ உத்தியோகத்தில் கற்றது அது ஒன்றுதான். உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். 'முகில்கள் புவியில் வீழாது நிலைபெறுவதற்கான காரணங்கள் யாவை?' 'முகில்களின் மீது மானுடர் அமரும் வாய்ப்பு உளதா?' உடனே ஒப்புதல் வந்துவிட்டது. 'குழந்தை உள்ளத்தை அப்படியே பிரதிபலிக்கின்றன' என்று பாராட்டு வேறு.

அடுத்து வந்தது வியப்புச் சுவர். பிள்ளைகளின் கேள்விகளைக் கலர்ச் சீட்டில் எழுதி ஒட்ட, முதல் கட்டமாக ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் ஆள் உயரத்துக்கு ஒரு சுவர் வேண்டும். இரண்டாம் வகுப்பில் ஒரு பக்கம் கரும்பலகை, ஒரு பக்கம் அலமாரி, ஒரு பக்கம் எங்கள் மரத் தடுப்பு. நாலாவது பக்கத்தில் சன்னல்.

"சார், எங்க ரூம்ல சுவரே இல்லையே" என்றாள் மிஸ்.

வியப்பு சுற்றிமுற்றிப் பார்த்தார். "அதோ இருக்கே."

"அது சன்னல் சார்."

"அதைத்தான் சொல்றேன். மேல ஒரு பலகையை அடிங்க. சுவர் ஆயிடும்."

"வெளிச்சம் வராதே சார்."

"வெளிச்சம் உள்ளேருந்து வரணும் மிஸ்."

அடித்தார்கள். அந்தச் சன்னல் வழியாகத்தான் எதிரே இருந்த சைக்கிள் கடை தெரியும், மரம் தெரியும், காக்கா தெரியும், மேகமும் தெரியும். வகுப்பின் பாதிக் கேள்விகள் அதன் வழியாகத்தான் உள்ளே வந்துகொண்டிருந்தன. சுவர் வந்த பிறகு பிள்ளைகள் ட்யூப் லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து, பஞ்சில் செய்து ஒட்டிய மேகத்தைப் பார்த்து வியந்தார்கள்.

சன்னலை மூடலாம், விரிசலை மூட முடியுமா? பலகைக்கு அடியில் ஒரு விரிசல் வழியாக எறும்புகள் வந்தன. அதைக் குண்டூசி பார்த்துவிட்டாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கழித்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன்.

"மிஸ், எறும்பு ஏன் எதிர்ல வர எறும்பை முட்டிட்டுப் போகுது? ரகசியம் சொல்லுதா?"

"இப்ப மேகம்டா கண்ணு. எறும்பு அடுத்த பருவம்."

"அதுக்குள்ள இது போயிடுமே மிஸ்."

"வேற எறும்பு வரும்."

"அது வேற ரகசியம் சொல்லுமே."

என் வகுப்பில் ஒருவனும் கழிக்கவில்லை. எல்லோரும் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள், நான் உள்பட. மிஸ்ஸுக்குப் பதில் தெரியாமல் இல்லை. சொன்னால் வகுப்பு முழுக்க எறும்பின் பின்னால் போய்விடும், மேகம் பாதியில் நிற்கும், பார்வையிட வரும்போது குட்டு வெளிப்படும். அதே நேரத்தில் ஒரு கேள்வியைத் தூக்கி எறியவும் அவளுக்கு மனசு வரவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு காலி பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். மூடியில் உண்டியல் மாதிரி ஒரு துளை.

"மேகம் இல்லாத கேள்வி வந்தா ஒரு சீட்டுல எழுதி இதுல போடுங்க. அந்தந்தப் பருவம் வந்ததும் எடுத்துப் பேசலாம். ஒண்ணும் தொலைஞ்சு போகாது. சரியா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் யாராவது செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதனால்தான் அதிலிருந்து இவ்வளவு கெடுதல் வந்தது.

டப்பா வேகமாக நிறைந்தது. சைக்கிளுக்கு ஸ்டாண்டு எடுத்தால் ஏன் விழுகிறது, செத்த எறும்பை மற்ற எறும்புகள் எங்கே தூக்கிப் போகின்றன, அப்பாக்கள் எல்லாம் ஏன் குளிக்கும்போது மட்டும் பாடுகிறார்கள். ஒருநாள் தலைமையாசிரியை வந்து அதைக் கையில் எடுத்துக் குலுக்கினார். எங்களுக்கெல்லாம் அவர் பெரிய மிஸ். அலுவலகத்திலிருந்து போன் வந்தால்கூட எழுந்து நின்றுதான் பேசுவார்.

"என்னம்மா இது?"

"பசங்க கேள்விங்க மிஸ்."

"ஒப்புதல் வாங்கினதா?"

"இல்லீங்க."

பெரிய மிஸ் டப்பாவை மெதுவாக, அது வெடித்துவிடக்கூடும் என்பதுபோல, மேசைமேல் வைத்தார். "ஒப்புதல் இல்லாத கேள்வியை இவ்வளவு சேத்து வெச்சிருக்கீங்க. டைரக்டர் அம்மா பாத்தா நம்ம கதி என்ன? உங்களுக்குத்தான் இன்னும் நிரந்தரமாகல. எனக்கு பென்ஷன் இருக்கும்மா!"

டப்பா அலமாரியின் உச்சிக்குப் போனது. அதன் முன்னால் பழைய உலகப் படத்தைச் சுருட்டி வைத்து மறைத்தார்கள்.

பார்வையிடும் நாள் நெருங்க நெருங்க, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒத்திகை நடந்தது. யார் யாருக்கு எந்தச் சந்தேகம் எப்போது தன்னிச்சையாக எழ வேண்டும் என்று மிஸ் பிரித்துக் கொடுத்துவிட்டாள். சந்தேகம் கேட்டதும் அவள் "நல்ல வினா!" என்று சொல்ல வேண்டும். உடனே வகுப்பு முழுக்கக் கைதட்ட வேண்டும். இது வியப்புக் கைதட்டல், வெளிநாட்டில் இப்போது இதுதான் வழக்கமாம். ஒருவன் மட்டும் கேள்வி கேட்ட கையோடு பதிலையும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நீ பதில் சொல்லக் கூடாதுடா. உனக்குத் தெரியாது."

"தெரியும் மிஸ். நேத்து நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"தெரியாத மாதிரி இரு."

"எவ்வளவு நேரம் மிஸ்?"

அந்த நாளும் வந்தது. இயக்குநர் அம்மா பெரிய மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். பின்னால் மப்ளருடன் வியப்பு. அவருக்குப் பின்னால் பெரிய மிஸ், முகம் முழுக்கச் சிரிப்போடு. என் வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, நான் தடுப்பின் பலகை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

"இருட்டா இருக்கே. சன்னல் இல்லையா?" என்றார் இயக்குநர் அம்மா.

"வியப்புச் சுவருக்குப் பின்னாடி இருக்குங்கம்மா" என்றார் வியப்பு.

இயக்குநர் அம்மா கொஞ்சம் யோசித்தார். "நல்லது. கவனம் சிதறாது."

பாடம் தொடங்கியது. முதல் பிள்ளை எழுந்து முகில்கள் வீழாமைக்கான காரணத்தைக் கேட்டான். நல்ல வினா, கைதட்டல். இரண்டாவது பிள்ளை எழுந்து வாயைத் திறக்கவும் வெளியே இடி இடித்தது. நிஜ இடி. அதற்குப் பின்னாலேயே மழை கொட்டியது. பாடம் தொடங்கியபோதே நிஜமாகவே ஒரு கருமேகம் வந்து பள்ளிக்கூடத்தின் மேல் நின்றிருக்கிறது, பலகை மறைத்ததில் அந்த வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் சன்னல் இருந்த திசைக்குத் தாமாகவே திரும்பினார்கள்.

"என்ன சத்தம் அது?" என்றார் இயக்குநர் அம்மா.

வியப்புக்கு முகம் சுருங்கிவிட்டது. "மன்னிக்கணும்மா. மேகம்தான். நேரம் காலம் தெரியாம வந்துடுச்சு." பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "யாரும் அதைக் கவனிக்கக் கூடாது. எல்லாரும் பஞ்சைப் பாருங்க."

பஞ்சைப் பார்த்தார்கள். மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, மழை எங்கிருந்து பொழிகிறது என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல வினா, கைதட்டல். எல்லாம் தடங்கல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த சந்தேகம் யாருக்கு எழ வேண்டுமோ அவன் அன்றைக்கு வரவில்லை. மிஸ் கையைப் பிசைந்தாள். அவன் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவன் எழுந்தான்.

"அவனுக்கு வயித்துவலி மிஸ். ஆனா அவனுக்கு என்ன சந்தேகம் வரும்னு எனக்குத் தெரியும். நான் சொல்லட்டுமா?"

இயக்குநர் அம்மா நெகிழ்ந்து போனார். "பாத்தீங்களா! என்ன ஒரு கூட்டுணர்வு!"

அத்தோடு கிளம்பியிருக்கலாம். வாசல் வரைக்கும் போனவர், பாசம் தாங்காமல் திரும்பி நின்று, திட்டத்தில் எங்குமே இல்லாத ஒன்றைச் செய்தார்.

"கண்ணுங்களா, வேற யாருக்காவது ஏதாவது கேள்வி இருக்கா?"

பிள்ளைகள் மிஸ்ஸைப் பார்த்தார்கள். மிஸ் வியப்பைப் பார்த்தாள். வியப்பு மப்ளரை இறுக்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் குண்டூசியின் கை மேலே எழுந்தது.

"எந்தப் பருவத்துக் கேள்வி கேக்கலாம்?"

"அப்படின்னா?"

"மேகம் முடிஞ்சிடுச்சு. மீதி எல்லாம் டப்பால இருக்கு. எறும்பு, குடும்பம், எதுலயும் சேராதது, எல்லாம் இருக்கு. அலமாரி மேல, உலகத்துக்குப் பின்னாடி."

பெரிய மிஸ் முகத்தில் காலையிலிருந்து இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதில் உயிர் இல்லை. டப்பா கீழே இறங்கியது. இயக்குநர் அம்மா மூடியைத் திறந்து மேசையில் கொட்டினார். அப்பப்பா, எத்தனை கலர்! ஒவ்வொன்றாக எடுத்து மனசுக்குள் படித்தார். சிலவற்றை மட்டும் சத்தமாகப் படித்தார்.

"'பெரிய மிஸ் ஏன் ஆபீசர் வந்தா மட்டும் சிரிக்கிறாங்க?'"

இன்னொன்று. "'சன்னலை ஏன் மூடினாங்க?'"

மழை நின்றிருந்தது. மிஸ் மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. விடிவதற்கு முன் கிளம்பும் பஸ் மட்டும்தான் இருந்தது.

"இவ்வளவு கேள்வியையும் கேக்கவிடாம இந்த டப்பாக்குள்ள போட்டது யாரு?" என்றார் இயக்குநர் அம்மா.

"நான்தாம்மா" என்றாள் மிஸ்.

"பசங்க அழலையா? அடம் பிடிக்கலையா?"

"இல்லம்மா. அவங்களே எழுதி அவங்களே போட்டுடுவாங்க."

"அவங்களேவா!" இயக்குநர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை நேராகப் பார்த்தார். "ஏம்மா, எத்தனை ஸ்கூலுக்குப் போயிருக்கேன் தெரியுமா? எல்லா இடத்துலயும் இதே தலைவலி. திட்டத்துல இல்லாத கேள்வி கண்டபடி திரியுது. என்ன பண்றதுன்னு தெரியாம நாங்க முழிபிதுங்கிப் போய் இருக்கோம். நீங்க ஒரு பிஸ்கட் டப்பால தீத்துட்டீங்களே!"

வியப்பு முதல் ஆளாகக் கைதட்டினார். "ஆரம்பத்துலேருந்தே இதைத்தான் நான் சொல்லிட்டு இருக்கேன்மா. வியப்பா இருக்குல்ல?"

மிஸ்ஸின் வேலை அன்றைக்கே நிரந்தரமானது. பள்ளிக்கூடமே கொண்டாடியது, நான் என் செலவில் டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் குண்டூசியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒப்பந்தத்தை மறந்து குண்டூசியும் பள்ளி வளாகத்துக்குள்ளேயே "அம்மா, அம்மா" என்று கத்தினாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷம் அடுத்த தபால் வரும்வரை இருந்தது.

அடுத்த தபாலில் பாராட்டு வந்தது. இவ்வளவு அரிய திறமை ஒரே ஒரு வகுப்பறையில் முடங்கிக் கிடக்கலாகாது என்று இயக்குநரகம் கருதியது. எனவே மிஸ் பதவி உயர்வு பெற்று, தலைமை அலுவலகத்தில் வினா ஒருங்கிணைப்பாளராக நியமிக்கப்படுகிறாள். தலைமை அலுவலகம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியையும் தாண்டி இருக்கிறது. அங்கே போவதும் அதே பஸ்தான், இறங்குவது மட்டும் இன்னும் தள்ளி. சனி ஞாயிறு விடுமுறை பள்ளிக்குத்தான், தலைமை அலுவலகத்துக்குக் கிடையாது.

"எனக்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கலாமா மிஸ்?" என்று அவள் பெரிய மிஸ்ஸிடம் கேட்டாள்.

பெரிய மிஸ் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "தண்டனைக்கு மேல்முறையீடு இருக்கும்மா. பாராட்டுக்கு இல்லையே."

இரண்டாம் வகுப்பு என் வகுப்போடு சேர்க்கப்பட்டது. நடுவில் இருந்த மரத் தடுப்பைக் கழற்றினார்கள். அது வீணாகப் போகக் கூடாது என்று என் பக்கத்துச் சன்னலின் மேல் அடித்தார்கள். எனக்கும் ஒரு வியப்புச் சுவர் கிடைத்தது.

பள்ளிகள்தோறும் டப்பா வந்தது. பிஸ்கட் டப்பா இல்லை, தகரத்தில் செய்து சாம்பல் நிறம் பூசி, முன்னால் பூட்டுப் போட்டது. சாவி தலைமை அலுவலகத்தில். கூடவே விதிகளும் வந்தன. சீட்டில் குழந்தையின் பேர் இருக்கக் கூடாது, ஏனென்றால் அது குழந்தையின் சுதந்திரத்தைப் பாதிக்கும். கையெழுத்தும் குழந்தையுடையதாக இருக்கக் கூடாது. ஆசிரியர் உரிய நடையில் படியெடுத்த பிறகே டப்பாவில் போட வேண்டும். பள்ளியின் பேருக்குப் பதிலாக ஒரு எண். அலுவலகத்திலிருந்து ஆள் வந்து திறந்து எடுத்துப் போவார். வினா ஒருங்கிணைப்பாளர் படித்து, எந்தக் கேள்வி எந்தப் பருவத்துக்கு உரியது என்று தம் கைப்பட எழுதித் திருப்பி அனுப்புவார்.

இரண்டாம் பருவம் பிறந்தது. கருப்பொருள், எறும்பு. அதற்கு முன்னால் வகுப்பறைகளைத் தூய்மைப்படுத்தும்படி ஒரு தனி உத்தரவு வந்ததால், பெரிய மிஸ் மூலை முடுக்கெல்லாம் எறும்பு மருந்து அடித்து வைத்தார். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் எறும்பைப் பற்றி வியக்க வந்தபோது தேடினாலும் ஓர் எறும்பு கிடைக்கவில்லை. நான் கரும்பலகையில் ஒன்றை வரைந்தேன். "சார், ஒரு கால் அதிகமா இருக்கு" என்றாள் குண்டூசி. அழித்தேன்.

குண்டூசியைக் காலையில் பக்கத்து வீட்டு அத்தை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள். முன்னைவிட நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்று பெரிய மிஸ் சொன்னார். அதாவது, யாரையும் குத்துவதில்லை. ஒருநாள் எழுத்து வேலைக்காகப் பென்சில் பெட்டியைத் திறந்தவள், எல்லாப் பென்சிலும் கூர் சீவியிருப்பதை எனக்குக் காட்டினாள்.

"அம்மா ராத்திரி வந்தாங்க சார்."

"பாத்தியா?"

"இல்ல. நான் தூங்கிட்டேன். ஆனா வந்திருக்காங்க. நேத்து எல்லாம் மொட்டையா இருந்துச்சே."

பிறகு என் மேசைக்கு வந்து ஒரு சீட்டை நீட்டினாள். கோணல் மாணலான எழுத்து. 'நான் முழிச்சிருக்கும்போது எங்கம்மா எப்ப வருவாங்க?'

நான் சீட்டைப் பார்த்தேன். கரும்பலகையில் இருந்த எறும்பைப் பார்த்தேன்.

"இது குடும்பம் சார். மூணாம் பருவம். எனக்கே தெரியும்" என்றாள் குண்டூசி, எனக்குச் சமாதானம் சொல்வதைப் போல. "நீங்க எழுதிப் போட்டுடுங்க."

எழுதினேன். நடை எனக்கு நன்றாக வரும் என்று சொன்னேனே. 'பணிபுரியும் தாயார், விழித்திருக்கும் தம் குழந்தையை இல்லத்தில் சந்திக்கும் காலம் யாது?' பேர் எழுதலாமா என்று ஒரு கணம் பேனா நின்றது. பேர் எழுதிய சீட்டுக்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்பார்கள். எனக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. மடித்து டப்பாவில் போட்டேன். சிரமப்பட்டு எழுதியதுதான், நன்றாகவே வந்திருந்தது.

பதில் வந்தது. உருண்டை உருண்டையான, பிள்ளைகளுக்கு எழுதிப் போட்டுப் பழகிய கையெழுத்து. விதிப்படி வகுப்பில் உரக்கப் படித்தேன். "'நல்ல வினா. எனினும் நடப்புக் கருப்பொருள் எறும்பு ஆதலால், இதனை மூன்றாம் பருவத்தில் எழுப்புக.'"

குண்டூசி எழுந்து வந்து சீட்டை வாங்கிப் பார்த்தாள். எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கம்மா கையெழுத்து சார் இது. என் கேள்வி நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க."

நல்ல வினா என்று வந்தால் கைதட்ட வேண்டும் என்பது விதி. எல்லோரும் தட்டினோம்.